டைம்லேப்ஸ்ல எதை எடுக்கறது? யானைக்கவுனியைச் சுத்தி ஒரு தேடல்

இந்த எபிசோடைக் கேட்க நேரமில்லாதவங்களுக்காக எழுத்து வடிவத்துல கொடுக்கறோம். பேச்சுல திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைச்சிருக்கோம், மத்ததெல்லாம் பேசினபடியே இருக்கு.

டைம்லேப்ஸ் பத்தி உங்க கிட்ட இருந்து அதிகமா வர்ற கேள்வி கேமரா பத்தினது இல்ல. "ஃபோன் இருக்கு, சின்னதா ஒரு ட்ரைபாடும் வாங்கியாச்சு. ஆனா என்ன எடுக்கறதுன்னு தெரியல." இதுதான் கேள்வி. மேகம் எடுத்தாச்சு, பீச்ல சூரிய உதயம் எடுத்தாச்சு, ஃப்ளைஓவர் மேல நின்னு டிராஃபிக் எடுத்தாச்சு. அதுக்கு அப்புறம்? பெரும்பாலானவங்க இந்த இடத்துலதான் விட்டுடறாங்க.

நான் இருக்கறது யானைக்கவுனியில இருந்து நடந்து போற தூரத்துல. அதனால இன்னிக்கு உதாரணம் எல்லாமே அங்க இருந்து கிளம்பி ராயபுரம், காசிமேடு, எண்ணூர் வரைக்கும் போகும். நீங்க வேற ஊர்ல இருந்தா உங்க தெருவை வச்சுக் கேளுங்க. கணக்கு ஒண்ணுதான்.

அழகா இருந்தா போதுமா?

நல்ல ஃபோட்டோவுக்கான விஷயமும் நல்ல டைம்லேப்ஸுக்கான விஷயமும் ஒண்ணு இல்ல. திருவொற்றியூர் கோவில் கோபுரம் ஃபோட்டோவுல பிரமாதமா இருக்கும். அதையே ஒரு மணி நேரம் டைம்லேப்ஸ் எடுத்தா, அசையாத கோபுரம், மேல கொஞ்சம் மேகம், அவ்வளவுதான். இதுக்கு நேர் எதிர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல துறைமுகத்துக்குள்ள போகக் காத்து நிக்கிற கன்டெய்னர் லாரி வரிசை. யாரும் அதை நின்னு ஃபோட்டோ எடுக்க மாட்டாங்க. நேர்ல பார்த்தா அது நகர்றதே தெரியாது. 5 விநாடிக்கு ஒரு படம்னு ஒரு மணி நேரம் எடுத்துப் பாருங்க. மொத்த வரிசையும் ஒரு கம்பளிப்பூச்சி மாதிரி சுருங்கி, நீண்டு, நகரும். எந்த இடத்துல அடைக்குது, ஒரு லாரி நகர்ந்தா பின்னாடி இருக்கற கடைசி லாரிக்கு அது எப்போ வந்து சேருதுன்னு கண்ணால பார்க்கலாம்.

ஸோ, ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி நான் மூணு கேள்வி கேட்பேன். ஒண்ணு, இதுல என்ன மாறுது? அந்த மாற்றம் நம்ம கண்ணுக்கு நேரடியா தெரியாத வேகத்துல நடக்கணும். ரெண்டு, எது மாறாம நிக்குது? எல்லாமே அசைஞ்சா பார்க்கறவங்களுக்குத் தலை சுத்தும். ஒரு சுவர், ஒரு கிரேன், ஒரு மரம்னு ஏதாவது ஒண்ணு நங்கூரம் மாதிரி ஃப்ரேம்ல நிக்கணும். மூணு, இந்த மாற்றத்துக்கு ஆரம்பம், முடிவு இருக்கா? அது எவ்வளவு நேரம் பிடிக்கும்?

மேகமும் டிராஃபிக்கும் சீக்கிரம் சலிச்சுப் போறதுக்குக் காரணம் இந்த மூணாவது கேள்விதான். அதுல எங்க ஆரம்பிச்சாலும், எங்க நிறுத்தினாலும் ஒண்ணுதான். தி.நகர் மேல போற மேகமும் டொரன்டோ மேல போற மேகமும் படத்துல ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒரு பட்டாணிச் செடி, ஒரு பழைய தியேட்டர்

இது ஒண்ணும் ஃபோன் வந்ததுக்கு அப்புறம் கண்டுபிடிச்ச கலை இல்ல. தாதாசாகேப் பால்கே 1913ல 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தை வெளியிட்டாரு. அதுக்கு முன்னாடி அவருக்குப் படம் எடுக்கப் பணம் கிடைக்கல. சினிமா கேமராவால என்ன முடியும்னு காட்டறதுக்கு அவர் தேர்ந்தெடுத்தது அரண்மனையோ மலையோ இல்ல. ஒரு தொட்டி, அதுல பட்டாணி. அந்த விதை முளைச்சு செடியா வளர்றதை ஒரு மாசத்துக்கும் மேல பொறுமையா கொஞ்சம் கொஞ்சமா படம் பிடிச்சாரு. அந்தக் குட்டிப் படத்தைப் பார்த்துதான் பணம் போட ஆள் முன்வந்தாங்க.

இன்னொண்ணு நியூயார்க்ல நடந்தது. 1901ல பிராட்வேயில ஸ்டார் தியேட்டர்னு ஒரு பழைய கட்டடத்தை இடிச்சாங்க. எதிர்ப்பக்கம் இருந்த பயோகிராஃப் கம்பெனிக்காரங்க ஜன்னல்ல கேமராவை வச்சு, 4 நிமிஷத்துக்கு ஒரு ஃப்ரேம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம்னு கட்டடம் தரைமட்டம் ஆகற வரைக்கும் எடுத்தாங்க. அந்தப் படத்தைப் பின்னோக்கி ஓட்டினா தியேட்டர் மறுபடி எழும்பி வரும். படத்தோட தலைப்புலயே 'இடிப்பதும் கட்டுவதும்'னு ரெண்டையும் சேர்த்து வச்சாங்க.

ரெண்டுக்கும் பொதுவா ஒரு விஷயம் இருக்கு. ரெண்டு பேருமே தங்க கை எட்டற தூரத்துல இருந்ததைத்தான் எடுத்தாங்க. ஒண்ணு வளர்ந்தது, ஒண்ணு மறைஞ்சது. வளர்றதும் மறையறதும்தான் டைம்லேப்ஸுக்கு ரொம்பப் பொருந்தும்.

குடை கவுனி தாண்டறது

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். கவுனின்னா வாசல். 18ஆம் நூற்றாண்டுல கிழக்கிந்தியக் கம்பெனி கறுப்பர் நகரத்தைச் சுத்தி ஒரு மதில் எழுப்புச்சு. அதுல இருந்த வாசல்கள்ல ஒண்ணுதான் யானைக்கவுனி. மதிலுக்காக மக்கள் கிட்ட வரி வாங்கணும்னு போட்ட திட்டத்தோட ஞாபகமா வால்டாக்ஸ் ரோடுங்கற பேர் இன்னும் இருக்கு. மதிலோட மிச்சத்தைப் பார்க்கணும்னா பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிப் பூங்காவுக்குப் போகணும். கவுனியில வாசல் இல்ல, பேர் மட்டும்தான் இருக்கு.

ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை அந்த இல்லாத வாசலுக்கு உயிர் வரும். புரட்டாசியில, திருமலை பிரம்மோற்சவத்தை ஒட்டி, பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோவில்ல இருந்து திருக்குடைகள் ஊர்வலமா கிளம்பும். பெரிய பெரிய வெண்பட்டுக் குடைகள். சவுகார்பேட்டைத் தெருக்கள் வழியா வந்து யானைக்கவுனியைத் தாண்டி, ஊர் ஊரா நின்னு திருமலைக்குப் போய்ச் சேரும். "குடை கவுனி தாண்டிடுச்சா?"ன்னு வடசென்னை வீடுகள்ல கேட்பாங்க. ஒரு நாளோட மத்தியப் புள்ளியே அந்தத் தாண்டல்தான்.

மூணு கேள்வியையும் இதுல வச்சுப் பாருங்க. என்ன மாறுது? காலியா இருக்கற ரோடு மெல்ல மெல்ல மனுஷங்களால நிரம்பும், குடை மிதந்து போகும், அப்புறம் கூட்டம் கரையும். எது மாறாம நிக்குது? ரெண்டு பக்கமும் இருக்கற கட்டடங்கள். ஆரம்பம், முடிவு? இதைவிடத் தெளிவா கிடைக்காது.

இப்போ கணக்கு. நீங்க 2 மணி நேரம் எடுக்கறீங்கன்னு வச்சுக்குவோம், அதாவது 7,200 விநாடி. 12 விநாடிக்கு ஒரு படம்னா 600 படம். விநாடிக்கு 25 ஃப்ரேம்னு ஓட்டினா 24 விநாடி வீடியோ. நீளம் சரியாதான் இருக்கு. ஆனா குடை உங்க ஃப்ரேமைக் கடக்க 10 நிமிஷம் ஆகும்னா, அதுக்குக் கிடைக்கறது 50 படம், வெறும் 2 விநாடி. எதுக்காகப் போனோமோ அது கண் சிமிட்டறதுக்குள்ள போயிடும். 4 விநாடிக்கு ஒரு படம்னு எடுத்தா அதே குடைக்கு 150 படம், 6 விநாடி கிடைக்கும். மொத்த வீடியோ 72 விநாடி வரும், அது நீளம்தான். முன்னாடி கூட்டம் சேர்ற பகுதியை எடிட்ல இன்னும் வேகமாக்கிக்கலாம். எடுக்காம விட்ட படத்தை அப்புறம் உருவாக்க முடியாது, எடுத்ததைக் குறைக்க முடியும்.

அதனால இன்டர்வெலை முடிவு பண்ணும்போது மொத்த நேரத்தைப் பார்க்காதீங்க. உங்க கதையோட முக்கியமான நகர்வு எதுவோ, அது திரையில எத்தனை விநாடி இருக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அங்க இருந்து பின்னாடி கணக்குப் போடுங்க. ஐபோன்ல கூடவே வர்ற டைம்லேப்ஸ் மோடுல இன்டர்வெலை நம்மால வைக்க முடியாது. நேரம் கூடக் கூட அதுவே இடைவெளியை அதிகமாக்கிக்கும். இந்த மாதிரி விஷயத்துக்கு இன்டர்வெல் வைக்கிற வசதி உள்ள ஆப் வேணும்.

இன்னொண்ணு, ஊர்வலத்துல ட்ரைபாடைக் கொண்டுபோய் ரோட்டுல நிறுத்தாதீங்க. தெரிஞ்சவங்க மொட்டைமாடியோ ஜன்னலோ கேட்டு வாங்கிக்கோங்க. கூட்டத்துல ட்ரைபாட் கால் தடுக்கி ஒருத்தர் விழுந்தா, அந்த வீடியோ எவ்வளவு நல்லா வந்தாலும் பிரயோஜனம் இல்ல.

லாரி நிரம்பற கதை

வால்டாக்ஸ் ரோடு முழுக்க பார்சல் ஆபீஸ். சாயங்காலம் ஆச்சுன்னா மீன்பாடி வண்டியில, தள்ளுவண்டியில மூட்டை மூட்டையா வரும். காலியா நிக்கிற ஒரு லாரி, மூணு மணி நேரத்துல ரொம்பி, தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டிக் கிளம்பும். வளர்ற விஷயம், தெளிவான முடிவு, நகராத கட்டடம். டைம்லேப்ஸுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

இங்கதான் நான் உங்களை ஒரு நிமிஷம் நிறுத்த விரும்பறேன். டைம்லேப்ஸ் நேரத்தைச் சுருக்கும்போது களைப்பையும் சேர்த்துச் சுருக்கிடும். அம்பது கிலோ மூட்டையைத் தூக்கற ஒருத்தர் வீடியோவுல எறும்பு மாதிரி குடுகுடுன்னு ஓடுவாரு. பார்க்கறவங்க சிரிப்பாங்க. மூட்டை தானா லாரிக்குள்ள பறந்து போன மாதிரி இருக்கும். அவர் நடுவுல உட்கார்ந்து துண்டால முகம் துடைச்ச 5 நிமிஷம் கால் விநாடி ஆகிடும். காட்ஃப்ரி ரெஜியோவோட 'கொயானிஸ்காட்ஸி' 1982ல வந்தது. நகரத்து மக்கள் ஒரு மெஷினுக்குள்ள ஓடற பாகங்கள் மாதிரி அதுல தெரிவாங்க. அது வேணும்னே செஞ்சது, அந்தப் படத்தோட வாதமே அதுதான். நம்ம யோசிக்காம எடுத்தா, அதே விளைவு வேற அர்த்தத்துல வந்துடும்.

அதுக்காக எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. முதல்ல அவங்க கிட்ட கேளுங்க. "அண்ணா, இந்த லாரி ரொம்பறதை எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டா பெரும்பாலும் சரிம்பாங்க. வேணாம்னா வேணாம்தான். ஃப்ரேம்ல லாரி பெருசா இருக்கட்டும், முகங்கள் தெரியணும்னு அவசியமில்ல. முக்கியமா, நடுவுல ஒரு 10 விநாடி சாதாரண வேகத்துல, சத்தத்தோட ஒரு வீடியோ எடுத்து வச்சுக்கோங்க. ஒரே ஒரு மூட்டை, தரையில இருந்து தோளுக்கு ஏறி லாரிக்குப் போறது. அதை டைம்லேப்ஸுக்கு முன்னாடி வச்சுப் பாருங்க. அதுக்கு அப்புறம் வர்ற வேகத்தைப் பார்க்கறவங்களுக்கு எடை தெரியும்.

ஒரு நாளைக்கு ஒரு படம்

இதுவரைக்கும் சொன்னது மணிக்கணக்குல முடியற விஷயங்கள். என்னைக் கேட்டா, பொழுதுபோக்கா எடுக்கறவங்களுக்கு இருக்கற பெரிய பலம் வேற. புரொஃபஷனல் ஆளுங்க ஒரு நாள் வாடகைக்குக் கேமரா எடுத்து வந்துட்டுப் போவாங்க. நம்ம அங்கயே இருக்கோம். தினமும் அதே வழியில போறோம். ஒரு நாளைக்கு ஒரு படம் எடுக்க நமக்கு 20 விநாடி போதும்.

காசிமேட்டை எடுத்துக்கோங்க. தமிழ்நாட்டோட கிழக்குக் கடலோரத்துல வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போ துறைமுகத்துல படகுங்க நெருக்கியடிச்சு நிக்கும். சிலதைப் பழுது பார்ப்பாங்க, பெயின்ட் அடிப்பாங்க, வலை பின்னுவாங்க. தடை முடிஞ்சதும் கிளம்பிடும். தடைக்கு 10 நாள் முன்னாடி ஆரம்பிச்சு, முடிஞ்சு 10 நாள் வரைக்கும் தினமும் ஒரு படம்னா மொத்தம் 81 படம். இதை விநாடிக்கு 25 ஃப்ரேம்ல ஓட்டினா 3 விநாடிதான், ஒண்ணும் புரியாது. விநாடிக்கு 8 படம்னு ஓட்டுங்க, 10 விநாடி வரும். துறைமுகம் ஒரு தடவை மூச்சை உள்ள இழுத்து வெளிய விடற மாதிரி இருக்கும்.

தினமும் முடியாதுன்னா வாரத்துக்கு ஒண்ணு. நம்ம கரை கிழக்கு பார்த்தது, அதனால கடல்ல உதயம் கிடைக்கும். எல்லாரும் எடுக்கறது ஒரு நாள் உதயத்தை. அது உண்மையிலேயே கஷ்டமான விஷயம், ஏன்னா அரை மணி நேரத்துல இருட்டுல இருந்து கண் கூசற வெளிச்சத்துக்குப் போகும், எக்ஸ்போஷர் சமாளிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆகிடும். அதுக்குப் பதிலா இப்படிச் செய்யலாம். ராயபுரம் பக்கம் கடல் தெரியற ஒரு மாடி. ஜூன் கடைசியில இருந்து டிசம்பர் கடைசி வரைக்கும், வாரத்துக்கு ஒரு நாள், சூரியன் அடிவானத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கும்போது ஒரே ஒரு படம். வெறும் 26 படம். ஜூன்ல வடகிழக்கா உதிக்கற சூரியன் டிசம்பர்ல தென்கிழக்குக்கு நகர்ந்திருக்கும். நம்ம சென்னையில இருந்து பார்த்தா அது கிட்டத்தட்ட 48 டிகிரி நகர்வு. துறைமுக கிரேன்களை அளவுகோலா வச்சுக்கிட்டா, சூரியன் ஒவ்வொரு கிரேனா தாண்டிப் போறது தெரியும். ஸ்கூல்ல படிச்ச தட்சிணாயனம் 5 விநாடியில கண் முன்னாடி நடக்கும்.

அப்புறம் பாலம். யானைக்கவுனி பாலத்துல போனவங்களுக்குத் தெரியும், சென்ட்ரலுக்குப் போற தண்டவாளங்களுக்கு மேல இருந்த பழைய பாலம் பலவீனமாகி, போக்குவரத்தை நிறுத்தி, இடிச்சு, ரயில்வேயும் மாநகராட்சியும் சேர்ந்து புதுசா கட்டினாங்க. ஓடற ரயில் பாதைக்கு மேல கர்டர் வைக்கணும்னா ரயிலை நிறுத்தி வச்சு அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள வேலையை முடிக்கணும். அதனால இந்த மாதிரி வேலை வருஷக்கணக்குல இழுக்கும். அந்த வருஷங்கள்ல பார்சல் வண்டிக்காரங்க, கடைக்காரங்க, ஸ்கூல் பசங்கன்னு எல்லாரும் சுத்திப் போனாங்க. எதிர்ல ஜன்னல் வச்ச ஒவ்வொரு வீடும் அந்த நியூயார்க் ஜன்னல் மாதிரிதான். வருஷத்துக்கு 365 படம், வாரம் ஒண்ணுன்னா 52 படம். செலவு ஒண்ணும் கிடையாது.

பாலம் வந்துடுச்சு. ஆனா வடசென்னையில இடிக்கறதும் கட்டறதும் நிக்கல. உங்க தெருவுல அடுத்து போகப் போறது எது? மரக்கதவு வச்ச ஒரு பழைய வீடா, ஓடு போட்ட ஒரு குடோனா, ஒரு தூங்குமூஞ்சி மரமா? டைம்லேப்ஸ் எடுக்கறவங்க கேட்க வேண்டிய நாலாவது கேள்வி இதுதான். இது எனக்காகக் காத்திருக்குமா? மேகம் அடுத்த வருஷமும் வரும். அந்த வீடு இருக்காது. ரெண்டுல எதை எடுக்கறதுன்னு குழப்பம் வந்தா, காத்திருக்காததை எடுங்க.

எதை விட்டுடலாம்?

ரயில். யானைக்கவுனியில நின்னா முதல்ல கை அதுக்குத்தான் போகும். ஆனா ஒரு ரயில் உங்க ஃப்ரேமை 20 விநாடியில தாண்டிடும். 5 விநாடி இடைவெளியில எடுத்தா 4 படம், திரையில ஒரு மின்னல், அவ்வளவுதான். ரயிலை வீடியோவா எடுங்க. அதுவும் மாடியில இருந்தோ ரோட்டுல இருந்தோ. தண்டவாளத்துக்குள்ள இறங்கவே கூடாது. உயிருக்கு ஆபத்துங்கறது முதல் காரணம். 1989 ரயில்வே சட்டத்தோட 147ஆவது பிரிவுப்படி குற்றமும்கூட, 6 மாசம் வரைக்கும் சிறைத் தண்டனை இருக்கு. துறைமுக வளாகம், அனல் மின் நிலையம் எல்லாம் இதே மாதிரிதான். அனுமதி இல்லாம உள்ள போற விஷயத்தைப் பட்டியல்ல இருந்து அடிச்சிடுங்க.

பக்கத்து வீட்டு ஜன்னல், வாசல் விழற மாதிரி நீண்ட நாள் எடுக்கறதையும் விட்டுடுங்க. ஒரு நாள் படத்துல தெரியாதது, நூறு நாள் படத்துல யார் எப்போ வர்றாங்க, போறாங்கன்னு ஒரு கண்காணிப்பு மாதிரி ஆகிடும்.

வெளிய போகவே முடியலன்னா பால்கே மாதிரி வீட்டுக்குள்ளயே எடுங்க. மல்லிகை மொட்டு சாயங்காலத்துக்கு மேலதான் விரியும். பூக்கடையில மொட்டா வாங்கி வந்து, ஒரு விளக்கை மட்டும் போட்டு, ஃபேனை நிறுத்திட்டு, நிமிஷத்துக்கு ஒரு படம்னு 4 மணி நேரம். 240 படம், 10 விநாடிக்குக் கொஞ்சம் கம்மி. ஜன்னலைச் சாத்துங்க, வெளிச்சம் மாறினா படம் துடிக்கும்.

கடைசியா சில நடைமுறை விஷயம். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் பண்ணிடுங்க, ஆட்டோவுல விட்டா வீடியோ மினுக்கும். ஃபோனை ஏரோபிளேன் மோடுல போட்டு பவர் பேங்க் சொருகிடுங்க. தினம் ஒரு படம் எடுக்கறவங்க ஜன்னல் விளிம்புல டேப் ஒட்டி, ஃபோன் வைக்க வேண்டிய இடத்தைக் குறிச்சுக்கோங்க. ஸ்க்ரீன்ல கிரிட் லைனை ஆன் பண்ணி, முதல் நாள் எந்தக் கட்டடத்தோட மூலை எந்தக் கோட்டுல இருந்ததோ, தினமும் அதே கோட்டுல வைங்க. கொஞ்சம் நகர்ந்தா எடிட்ல சரி பண்ணிக்கலாம், அதனால ஃப்ரேமைக் கொஞ்சம் அகலமாவே வைங்க. நேரமும் முக்கியம். காலை 8 மணின்னா தினமும் 8 மணி. நடுவுல ரெண்டு நாள் விட்டுப் போச்சுன்னா பரவாயில்ல, நிறுத்தாம தொடருங்க. நூறு படத்துல ரெண்டு இல்லாதது யாருக்கும் தெரியாது.

இந்த வாரத்துக்கு உங்களுக்கு ஒரு சின்ன வேலை. தினமும் போற வழியில மூணு இடத்தைக் குறிச்சுக்கோங்க. ஒவ்வொண்ணுக்கும் அந்த நாலு கேள்வியையும் எழுதிப் பதில் போடுங்க. கேமராவைத் தொட வேணாம். ஏழாவது நாள் மூணுல ஒண்ணு மட்டும் மனசுல நிக்கும். எட்டாவது நாள் காலையில முதல் படத்தை எடுங்க. நீங்க தேர்ந்தெடுத்தது என்னன்னு எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதைப் பேசுவோம்.